ஆறு மணிப் பால், ஒன்பது மணி மாத்திரை

சாயங்காலம் ஆறு மணிக்கு டிகிரியக்கா அந்த வீட்டு வாசலில் நிற்பாள். மழை, காய்ச்சல், தலைவலி எதுவும் அவளைத் தடுத்ததில்லை. கையில் மூடி போட்ட ஸ்டீல் தூக்கு, தூக்கில் அரை லிட்டர் பால். முகத்தில், ‘நான் உன்னைப் பார்க்க வரவில்லை’ என்று கதவைத் திறப்பவளுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிற ஒரு விறைப்பு. கதவைத் திறப்பவள் அவளுடைய அக்கா புருஷனின் இரண்டாவது மனைவி.

டிகிரியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பால் குளிரூட்டும் நிலையத்தில் அவளுக்கு வேலை. கேன் கேனாக வந்து இறங்கும் பாலில் ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, அது எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று பார்த்து, தண்ணீர் கலந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லவேண்டும். இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறாள். பால் ஊற்ற வருகிறவர்கள் அவள் முன்னால் கொஞ்சம் கூனித்தான் நிற்பார்கள். “மாடு நேத்து நிறையத் தண்ணி குடிச்சிடுச்சுக்கா” என்று எவனாவது ஆரம்பித்தால், “மாடு குடிச்சுதா, கேன் குடிச்சுதா?” என்று கேட்டுவிட்டு அடுத்த கேனுக்குப் போய்விடுவாள். யாரையும் நம்பாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவள் அவள். அந்தப் பழக்கம் வேலை முடிந்த பிறகும் அவளோடு பஸ் ஏறி வந்துவிடுவதுதான் சங்கடம்.

அக்கா இறந்தபோது அக்கா மகளுக்கு நாலு வயது. டிகிரியக்கா தன் துணிமணிகளை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு அத்தான் வீட்டுக்கு வந்தாள். ஆறு வருஷம் அந்தக் குழந்தைக்குத் தலை பின்னினாள், நகம் வெட்டினாள், பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்த திட்டுகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தாள். பொடிசு என்று அவள் வைத்த செல்லப்பெயர்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது. பிறகு அத்தான் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார். டிகிரியக்காவை யாரும் வீட்டைவிட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் இருக்கச் சொல்லியும் யாரும் வற்புறுத்தவில்லை. அவள் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். இரண்டு வருஷம் ஆகிறது.

வந்தவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்தும் வேலை. ஆகவே டிகிரியக்காவின் மனதுக்குள் அவள் பெயர் கண்ணாடிக்காரி. ஒல்லியானவள், குரலை உயர்த்த மாட்டாள், எதற்கும் “சரிக்கா” என்பாள். டிகிரியக்காவுக்கு இந்தச் “சரிக்கா”வைக் கேட்டாலே உடம்பெல்லாம் எரியும். சண்டைக்கு இழுக்கிறவளுக்கு எதிராளி கொஞ்சமாவது ஒத்துழைக்க வேண்டாமா?

பொறாமைதான். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? ஊருக்கே தெரியும், அத்தானுக்குத் தெரியும், பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரிந்திருக்கும். டிகிரியக்கா மட்டும் அதற்கு ‘குழந்தை மேல அக்கறை’ என்று பெயர் வைத்திருந்தாள்.

அத்தான் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடிக்கும் பதினோராவது மாடிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டவர்களை அலுங்காமல் இறக்கிவிடுவார். ஆனால் இந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் தான் சிக்கிக்கொண்டால் மட்டும் “டூல்ஸ் பாக்ஸை வண்டியிலயே விட்டுட்டேன்” என்று சொல்லி நழுவிவிடுவார்.

போன வருஷம் பொடிசு பள்ளிக்கூட மாடிப்படியில் உருண்டு விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு. கட்டுப் போட்டுச் சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பெண் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். ஆப்பரேஷன் செய்து நேராக்கிப் பிளேட் வைக்கலாம், வருஷ லீவில் செய்துவிடலாம் என்றார் எலும்பு டாக்டர். லீவுக்கு அப்போது ஐந்து மாதம் இருந்தது. ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஆறு.

“பதினொண்ணு வரணும்” என்றார் டாக்டர். “அது வராம நான் கத்தியைத் தொட மாட்டேன். இந்த லீவு போச்சுன்னா அடுத்த லீவுதான். வளர்ற எலும்பு, அதுவரைக்கும் கோணலாவே வளரும். அப்புறம் எனக்கும் கஷ்டம், அவளுக்கும் கஷ்டம்.” இரும்புச்சத்து மாத்திரையை எழுதிவிட்டு, “அம்மா யாரு?” என்று நிமிர்ந்து பார்த்தார்.

எதிரே இரண்டு பேர் நின்றார்கள். டிகிரியக்கா வாய் திறப்பதற்குள் பொடிசு கண்ணாடிக்காரியைக் கையால் காட்டினாள். சீட்டு அந்தக் கைக்குப் போனது.

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிகிரியக்கா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ரத்தம் அவள் கைக்குப் போய்விட்டது, போகட்டும். எலும்பு இருக்கிறதே! எலும்புக்கு எது வேண்டும்? சுண்ணாம்புச்சத்து. அது எதில் இருக்கிறது? பாலில். பாலைப் பற்றி இந்த ஊரில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? மறுநாளிலிருந்து தூக்கு வர ஆரம்பித்தது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் படாத பால். அது போதாது என்று, டம்ளரில் ஊற்றிய பிறகு பால் பவுடரைக் குவியலாக இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்குவாள். ஸ்பூன் நெட்டுக்குத்தாக நிற்கும்.

“சித்தி, இது பாலா, பசையா?” என்பாள் பொடிசு.

“எலும்பை ஒட்டவைக்கத் தண்ணியா குடுப்பாங்க? குடி.”

முதல் மாதம் கண்ணாடிக்காரி மாத்திரையைக் காலையில் கொடுத்துப் பார்த்தாள். வெறும் வயிற்றில் அது பொடிசுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் வாந்தி எடுத்தாள். பிறகு ராத்திரி சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, ஒன்பது மணிக்கு, தண்ணீரோடு கொடுத்தாள். மாத முடிவில் பார்த்தால் ஒன்பது புள்ளி இரண்டு. அத்தான் சந்தோஷத்தில் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்தார். பொடிசு கண்ணாடிக்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அம்மா, ஏறிடுச்சு!” என்று குதித்தாள்.

அம்மா! ஆறு வருஷம் அவளை இடுப்பிலும் தோளிலும் சுமந்தவள் சித்தியாகவே இருந்துவிட்டாள். நேற்று வந்து ஒரு மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்தவள் அம்மா. டிகிரியக்கா தன் பங்கு ஐஸ்கிரீமைக் கரையவிட்டாள். குழந்தைக்கு ரத்தம் ஏறியதில் சந்தோஷப்படவேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சந்தோஷம் வரவில்லை, என்ன செய்வது?

அடுப்படியில் தூக்கைக் கழுவப் போனவள், அலமாரியில் மாத்திரை அட்டையைப் பார்த்தாள். சும்மா பார்க்கவில்லை. எண்ணினாள். கணக்குப்படி தீர்ந்திருக்கவேண்டிய அட்டையில் இரண்டு மாத்திரை மீதி இருந்தது. கேனில் தண்ணீரைக் கண்டுபிடித்தபோது வரும் அதே குளிர்ச்சி அவள் நெஞ்சில் பரவியது. சிக்கினாள்!

“இது என்ன?” என்று அட்டையைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் நீட்டினாள். “முப்பது நாளுக்கு முப்பது போயிருக்கணும். ரெண்டு இங்க உக்காந்திருக்கு. குடுக்கறியா, இல்ல குடுத்தேன்னு சொல்லிக்கறியா? ஒழுங்காக் குடுத்திருந்தா பத்தே வந்திருக்கும்.”

“வாந்தி எடுத்ததுக்கு அப்புறம் ரெண்டு நாள் குடுக்காம நிறுத்தி வெச்சிருந்தேங்க்கா.”

“யார் பார்த்தா?”

அத்தான் எழுந்து வண்டியில் டூல்ஸ் பாக்ஸ் தேடப் போய்விட்டார். கண்ணாடிக்காரியின் முகம் சுண்டிப்போனது. கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். பிறகு அதே குரலில் சொன்னாள், “சரிக்கா. நாளையிலேர்ந்து நீங்க வரும்போதே குடுத்துடறேன். ஆறு மணிக்கு. உங்க கண் முன்னாடி.”

“அதுதான் நல்லது” என்றாள் டிகிரியக்கா. பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

அன்றிலிருந்து ஆறு மணி ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. மேஜையில் டம்ளர் நிறையக் கெட்டிப் பால். பக்கத்தில் கண்ணாடிக்காரி கொண்டுவந்து வைக்கும் மாத்திரை. பொடிசு மாத்திரையை நாக்கில் வைத்துப் பாலாலேயே விழுங்குவாள். “நாக்கை நீட்டு. மடிச்சுக் காட்டு. ம்.” டிகிரியக்கா கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் கண்ணாடிக்காரி நகர முடியும். ரத்தமும் எலும்பும் இப்போது தன் மேற்பார்வையில் வந்துவிட்டதாக டிகிரியக்கா நினைத்துக்கொண்டாள். பால் பவுடரை இரண்டிலிருந்து மூன்று ஸ்பூனாக்கினாள்.

இரண்டாம் மாதம் ரத்தம் ஒன்பது புள்ளி ஒன்று. மூன்றாம் மாதம் ஒன்பது.

டிகிரியக்காவுக்குத் தலை சுற்றியது. தன் கண் முன்னால் முழுங்குகிற மாத்திரை எங்கே போகிறது? ஒன்று, மாத்திரை போலி. ஓர் அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய் மருந்துக்கடைக்காரரிடம் காட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்ல மாத்திரைம்மா. என் மகளுக்கும் இதைத்தான் குடுக்கறேன்” என்றார். அப்படியானால் சாப்பாடு. மதியத்துக்கும் ராத்திரிக்கும் கண்ணாடிக்காரி எதைச் சமைத்துப் போடுகிறாள் என்று யாருக்குத் தெரியும்? அரை வயிறாகக்கூடப் போடலாம். மாற்றாள் பிள்ளைதானே! இப்படியெல்லாம் நினைத்தாள். நினைத்த பிறகு வெட்கமும் பட்டாள். அடுத்த நாள் மறுபடியும் அதையே நினைத்தாள்.

லீவுக்கு ஏழு வாரம் இருந்தபோது எலும்பு டாக்டர் சீட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏறலைன்னா காரணம் கண்டுபிடிக்கணும். இன்னும் ரெண்டு டெஸ்ட் எழுதியிருக்கேன். அதுக்கு முன்னாடி கீழ போய் டயட்டீஷியனைப் பாருங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதைக் கேளுங்க.”

டயட்டீஷியன் அறை மாடிப்படிக்குக் கீழே, துணி மாற்றும் அறை அளவுக்குத்தான் இருந்தது. மேஜை முழுக்கப் பிளாஸ்டிக்கில் செய்த சாப்பாட்டுப் பொருட்கள். பிளாஸ்டிக் ஆரஞ்சு, பிளாஸ்டிக் முட்டை, பிளாஸ்டிக் மீன். நாலு பேர் உள்ளே போனதும் அத்தான், “நான் வெளிய நிக்கறேன், காத்து வேணும்” என்று கழன்றுகொண்டார். டயட்டீஷியன் நாற்பது வயதுப் பெண், ஜலதோஷம் பிடித்திருந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டே மூன்று மாத ரிப்போர்ட்டையும் வரிசையாகப் பரப்பினாள்.

“முதல் மாசம் நல்லா ஏறியிருக்கு. அப்புறம் நின்னுடுச்சு. ரெண்டாம் மாசம் என்ன மாத்தினீங்க?”

டிகிரியக்கா இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “ரெண்டாம் மாசத்துலேர்ந்து நான் பார்க்கறேங்க. என் கண் முன்னாடிதான் மாத்திரை போடறா. ஒரு நாள் தப்பினதில்லை.”

“எத்தனை மணிக்கு?”

“ஆறு மணிக்கு.”

“எதோட முழுங்குவா?”

“பாலோட. தண்ணி கலக்காத பாலுங்க. நான் பால் டிப்போவுல வேலை பார்க்கறவ. பவுடரும் மூணு ஸ்பூன் போடறேன், எலும்புக்கு.”

டயட்டீஷியன் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினாள். “முதல் மாசம் எப்ப போட்டீங்க?”

“ராத்திரி ஒன்பது மணிக்கு, தண்ணியோட” என்றாள் கண்ணாடிக்காரி.

டயட்டீஷியன் பேனாவை மூடினாள். “பால் நல்லதுதான். மாத்திரையும் நல்லதுதான். ரெண்டையும் ஒண்ணா வயித்துக்குள்ள அனுப்பினாத்தான் தகராறு. பால்ல இருக்கற கால்சியம், இரும்பை உடம்பு எடுத்துக்க விடாமக் குறுக்கே நிக்கும். கொஞ்சமா இருந்தா அவ்வளவு தெரியாது. நீங்க ஒரு பெரிய டம்ளர் பால், அதுல மூணு ஸ்பூன் பவுடர்னு குடுக்கறீங்க. மாத்திரை உள்ள போயிருக்கு, அதுல பாதிக்கு மேல பிரயோஜனமில்லாம வெளிய போயிருக்கலாம். இது ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், அந்த டெஸ்டையும் எடுங்க. ஆனா முதல்ல சரிபண்ண வேண்டியது இதுதான்.”

டிகிரியக்கா பிளாஸ்டிக் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக யார் யாரையோ சந்தேகப்பட்டாயிற்று. மாத்திரையைச் சந்தேகப்பட்டாள், சமையலைச் சந்தேகப்பட்டாள், அந்தப் பெண்ணின் மனதைச் சந்தேகப்பட்டாள். தன் தூக்கை மட்டும் சந்தேகப்படவில்லை.

“ஏம்மா, அந்த டம்ளர் பாலை ஒரே மூச்சுல குடிப்பியா?” என்று டயட்டீஷியன் பொடிசைக் கேட்டாள்.

“இல்ல ஆன்ட்டி. முக்கால் மணி நேரம் ஆகும்.”

“முக்கால் மணி நேரமா? ஆறிப்போயிடாது?”

“ஆறிடும். நல்லாவே இருக்காது. எனக்குப் பாலே பிடிக்காது.” பொடிசு கோணல் காலை ஆட்டிக்கொண்டே சொன்னாள். “ஆனா குடிச்சு முடிச்சா சித்தி தூக்கை எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க.”

டிகிரியக்கா ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தாள். கண்ணாடிக்காரி தலையைக் குனிந்துகொண்டு புடவைத் தலைப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

“சரி, யார் இதை ஆறு மணிக்கு மாத்தினது?” டயட்டீஷியன் குற்றம் சொல்லும் குரலில் கேட்கவில்லை, குறித்துக்கொள்வதற்காகக் கேட்டாள்.

“நான்தாங்க” என்றாள் கண்ணாடிக்காரி. “மாத்திரையை என்கிட்டதான் குடுத்தாங்க. விசாரிச்சுட்டுக் குடுத்திருக்கணும். என் தப்புதான்.”

டிகிரியக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். முதலில் அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா ஒரு நொடிகூட நிற்கவில்லை. தப்பைத் தன் மேல் போட்டுக்கொள்வது யார்? அம்மாக்கள்! பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால், ‘எல்லாம் என்னாலதான்’ என்று மாரில் அடித்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்குத்தான் உண்டு. குழந்தையை எடுத்துக்கொண்டாள், அம்மா என்கிற வார்த்தையை எடுத்துக்கொண்டாள், இப்போது பழியைக்கூட எடுத்துக்கொள்கிறாளே! இதையும் விட்டுக்கொடுத்துவிட்டால் தனக்கென்று என்ன மிஞ்சும்?

“அவ இல்லைங்க!” டிகிரியக்கா மேஜையில் தட்டினாள். பிளாஸ்டிக் ஆரஞ்சு உருண்டு தரையில் விழுந்தது. “அவ ஒழுங்காத்தான் குடுத்துக்கிட்டிருந்தா. நான்தான் சந்தேகப்பட்டு ஆறு மணிக்கு மாத்த வெச்சேன். பாலும் என்னோடது. பவுடரும் என்னோடது. பண்ணதெல்லாம் நான். எழுதிக்கங்க.”

“அக்கா, நீங்க சொன்னாலும் சரின்னது நான்தானே.”

“நீ எதுக்குத்தான் சரின்னு சொல்லலை? நீ சும்மா இரு!”

டயட்டீஷியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “இந்த ரூமுக்கு வர்றவங்க எல்லாம் அடுத்தவங்களைத்தான் கை காட்டுவாங்க. முதல் தடவையா இப்படி ஒரு சண்டையைப் பார்க்கறேன்” என்று சொல்லி, ஆரஞ்சைக் குனிந்து எடுத்து வைத்தாள். “யாரா வேணா இருங்க. மாத்திரையை ராத்திரி ஒன்பதுக்கே மாத்துங்க. ஆரஞ்சு, எலுமிச்சைன்னு ஏதாவது ஜூஸோட குடுத்தா இன்னும் நல்லது. பாலை நிறுத்த வேண்டாம். அதுவும் அவளுக்கு வேணும். ஆறு மணிக்கே குடிக்கட்டும், பவுடர் வேண்டாம். நடுவுல ரெண்டு மணி நேரமாவது இருக்கணும், அவ்வளவுதான்.”

அவ்வளவுதானா? டிகிரியக்காவின் கடைசி பஸ் எட்டு மணிக்கு. ஒன்பது மணிக்கு அந்த வீட்டில் நடக்கப்போவதை அவள் இனி பார்க்க முடியாது. ஒரு கையில் மாத்திரை, இன்னொரு கையில் ஜூஸ், பொடிசு, கண்ணாடிக்காரி. விளக்கை அணைத்துப் போர்வையை இழுத்துவிடுவதும் அவள். நினைக்க நினைக்க வயிறு காந்தியது.

பாலை நிறுத்தவேண்டாம் என்று டயட்டீஷியன் சொன்னதைக் காதில் வாங்காதவள் மாதிரி மறுநாளிலிருந்து டிகிரியக்கா போகவில்லை. அத்தான் போன் செய்தார். “உடம்பு சரியில்லை” என்றாள். அடுத்த வாரமும் செய்தார். “டிப்போவுல ஆள் இல்லை, டபுள் ஷிஃப்ட்” என்றாள். இரண்டும் பொய். ஆறு மணிக்குத் தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து கழுவிய தூக்கை மறுபடியும் கழுவினாள். குழந்தைக்குக் கெடுதல் செய்துவிட்ட வெட்கம் ஒரு பக்கம். என் பால் இல்லாமல் என்ன கிழித்துவிடுவார்கள் பார்ப்போம் என்கிற வீம்பு இன்னொரு பக்கம். எது எவ்வளவு என்று அவளிடம் கேட்டிருந்தால், எத்தனை டிகிரி என்று சொல்லத் தெரிந்திருக்காது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, பால் வண்டிகள் கிளம்பிப் போய், தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த நேரம். கேன் அடுக்குக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக்காரி நின்றாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் கவனமாகக் கால் வைத்து வந்தாள்.

“பத்து புள்ளி ஒண்ணுக்கா” என்றாள், வந்ததும் வராததுமாக. “நேத்து பார்த்தோம். இப்படியே போனா லீவுலயே ஆப்பரேஷன் வெச்சுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். மத்த டெஸ்ட்லயும் ஒண்ணும் இல்லை.”

டிகிரியக்காவின் கையிலிருந்த ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. “நல்லது” என்றாள். நல்லதுதான். கால் நேராகிவிடும். பொடிசு சாயாமல் நடப்பாள். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு குரல், நீ வராமல் இருந்ததும் ஏறிவிட்டது பார்த்தாயா என்றது. “நான் வராதது நல்லதாப் போச்சு” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

“என்ன நல்லதாப் போச்சு?” கண்ணாடிக்காரியின் குரல் முதல்தடவையாக உயர்ந்தது. தரை கழுவிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். “அஞ்சரை மணியானா கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்துடறாக்கா. நான் கடையிலேர்ந்து வந்தா என் முகத்தைப் பார்த்துட்டு, ‘ஓ, நீங்களா?’ன்னு கேக்கறா. தினமும் கேக்கறா. நானும் பாக்கெட் பால் வாங்கிக் காய்ச்சி வெச்சுப் பார்த்துட்டேன். தொட மாட்டேங்கறா. கெஞ்சினா, சித்தி பால்தான் வேணும்ங்கறா. பாலே பிடிக்காதுன்னு சொன்ன பொண்ணு! எனக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. எனக்கு எப்படி இருக்கும்?”

டிகிரியக்கா குழாயை மூடினாள். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. அற்பமான சந்தோஷம்தான், இருந்தாலும் அது பொங்கியதை மறுக்க முடியாது.

“வயிறு எரியுதா?” என்று கேட்டாள்.

“எரியாதா பின்ன?” கண்ணாடிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்த முக்கால் மணி நேரமும் நான் அடுப்படியில நின்னுக்கிட்டு, நீங்க ரெண்டு பேரும் சிரிக்கறதைக் கேட்டுக்கிட்டே இருப்பேன். ஒரு நாள் கூட என்னை உள்ள கூப்பிட்டதில்லை நீங்க. இருந்தாலும் வந்து நிக்கறேன் பாருங்க. ஆப்பரேஷன் முடிஞ்சா எலும்பு சேரணும். அவளுக்குப் பால் போகணும். வாங்கக்கா.”

டிகிரியக்கா இத்தனை நாள் இந்த எரிச்சல் தனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தாள். அதிலும் ஒரு பங்காளி இருக்கிறாள்! வாயில் ஏதேதோ வந்தது. கடைசியில், “செருப்பைப் போட்டுக்கோ, வழுக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் தூக்கோடு போனாள். பொடிசு கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. டிகிரியக்கா டம்ளரில் பாலை ஊற்றினாள், பவுடர் இல்லாமல். அடுப்படிப் பக்கம் பார்த்து, “நீயும் வந்து உக்காரேன்” என்றாள். சொன்னது அவளுக்கே கரகரவென்று கேட்டது. கண்ணாடிக்காரி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரின் தொப்பையைப் பற்றிப் பேசினார்கள். பொடிசு இழுத்து இழுத்துக் குடித்தும் பால் ஒரு வழியாகத் தீர்ந்தது.

தூக்கை எடுத்ததும் பொடிசு கையைப் பிடித்துக்கொண்டாள். “சித்தி, இன்னைக்கு ஒரு நாள் இங்கயே தங்கிடுங்களேன். ஒன்பது மணிக்கு நான் மாத்திரை போடறதைப் பார்த்துட்டு, நாக்கைச் செக் பண்ணிட்டுப் படுங்க. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இல்லம்மா?”

கண்ணாடிக்காரி ஒரு நொடி தாமதித்தாள். “தங்குங்கக்கா” என்றாள். அந்த ஒரு நொடி என்னவென்று டிகிரியக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது. அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இருந்துவிடலாம். சரி என்று ஒரு தலையசைப்புப் போதும், ஒன்பது மணியும் தன்னுடையதாகிவிடும். போர்வையை இழுத்துவிடுவதும்கூட.

“நான் எதுக்குப் பார்க்கணும்?” என்று டிகிரியக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். “உங்கம்மா பார்த்துப்பா.”

வாய் தவறிச் சொல்லவில்லை, தெரிந்துதான் சொன்னாள். சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினாள். வயிறு அப்படியே எரிந்தது, கொஞ்சம்கூடக் குறையவில்லை. எரிந்தால் எரியட்டும் என்று பஸ் ஸ்டாப் வரை நடந்தாள்.